எந்தத் தண்ணீர்? விஞ்ஞான அணிப் போட்டிகளும் எங்கள் கல்லூரியும்

அதிபரின் அலுவலகத்துக்கு எதிரேயுள்ள கண்ணாடி அலுமாரியின் இரண்டாவது தட்டில், வலைப்பந்தாட்டக் கேடயங்களுக்குப் பின்னால், ஒரு காது உடைந்த சிறிய கிண்ணம் இருக்கிறது. விஞ்ஞான வினாடிவினா, இரண்டாம் இடம், 1995 என்று அதில் பொறித்திருக்கும். இடம்பெயர்வின்போது எங்களில் ஒருத்தியின் புத்தகப் பையில் சாவகச்சேரி வரை போய்த் திரும்பி வந்த கிண்ணம் அது. காது உடைந்தது அந்த வழியில்தான்.

கல்லூரியும் விஞ்ஞானப் போட்டிகளும் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு கேட்டபோது, அந்தக் கிண்ணத்தை வென்ற அணியில் இருந்தவர்கள் என்ற முறையில் நாங்கள் ஒப்புக்கொண்டோம். எழுதும் பொறுப்பு எங்களில் வைத்தியராக இருப்பவரின் தலையில் விழுந்தது. வைத்தியரின் கையெழுத்தை யாரும் வாசிக்கமுடியாது என்று சொல்லித் தப்பப் பார்த்தும் பலிக்கவில்லை. ஆனாலும் இது நால்வரின் கட்டுரை. 'நாங்கள்' என்று வரும் இடமெல்லாம் அப்படியே கொள்ளவும். சில இடங்களில் அது மூவரைத்தான் குறிக்கும். அந்த இடங்களை நாங்களே சுட்டிக்காட்டுவோம்.

பாடசாலைப் பிள்ளைகளை விஞ்ஞானத்தில் போட்டியிட வைக்கும் வழக்கம் ஏறத்தாழ நூற்று முப்பது வருடப் பழையது. ஹங்கேரியில் 1894 இல், ஏற்வெஷ் என்ற பௌதிகவியலாளரின் பெயரால், பாடசாலைப் படிப்பை முடித்த மாணவர்களுக்கு ஒரு கணிதப் போட்டி தொடங்கியது. விமானவியலில் பெயர்பெற்ற கார்மன், பின்னாளில் ஐதரசன் குண்டோடு பெயர் சேர்க்கப்பட்ட ரெல்லர் முதலானோர் அதில் வென்றவர்கள். அதன் வழியில்தான் 1959 இல் ருமேனியாவில் சர்வதேச கணித ஒலிம்பியாட், 1967 இல் வார்சோவில் பௌதிகவியல், 1968 இல் பிராக்கில் இரசாயனவியல், 1990 இல் உயிரியல் என்று ஒலிம்பியாட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. இவற்றுக்கு நாடுகள் அணிகளையே அனுப்புகின்றன. ஒரே நிறச் சட்டை, ஒரே கொடி, ஒரே பேருந்து. ஆனால் மண்டபத்துக்குள் போனதும் ஒவ்வொரு பிள்ளையும் தனி மேசை, தனி வினாத்தாள், தனிப் பதக்கம். பக்கத்து மேசைக்காரியிடம் ஒன்றைக் கேட்டால் அது குற்றம். ஆகவே இவற்றை அணிப் போட்டிகள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இன்னொரு வழி வானொலியிலிருந்து வந்தது. பி.பி.சி. வானொலியில் 1948 இல் தொடங்கிய பாடசாலைகளுக்கிடையிலான பொது அறிவுப் போட்டி 1986 வரை நடந்தது. பாடசாலைக்கு நால்வர். அந்த நால்வரும் வெவ்வேறு வயதினர். எங்களுடைய மண்டபங்களில் நடக்கும் வினாடிவினா இந்த வழியில் வந்ததுதான்: ஒரு மேசை, நாலு பேர், ஒரு மணி, ஒரு நடுவர், கையில் ஒரு கடிகாரம். அமெரிக்காவின் சக்தித் திணைக்களம் இதே வடிவத்தை விஞ்ஞானத்துக்கென்று 1991 இல் எடுத்துக்கொண்டது. அதில் முதற்கேள்விக்கு யாரும் யாரோடும் பேசக்கூடாது. ஐந்து விநாடிக்குள் மணியை அழுத்தவேண்டும். சரியென்றால் 4 புள்ளி. அடுத்து வரும் மேலதிகக் கேள்விக்கு அணி கூடிப் பேசலாம்; 20 விநாடி; 10 புள்ளி. கூடிப் பேசுகிற கேள்விக்குப் புள்ளி அதிகம் என்பதைக் கவனிக்கவேண்டும். ஆனால் முதல் மணியை அடிக்காத அணிக்குக் கூடிப் பேசும் வாய்ப்பே வராது.

எங்கள் போட்டியும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. ஒரு வித்தியாசம், எங்களிடம் மின்மணி இல்லை. 1990 இல் போர் மறுபடி மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. உலர்மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருள். பழைய பற்றறிகளை வெயிலில் காயவைத்து மிச்ச உயிரை எடுப்பதும், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து டைனமோவில் வானொலி கேட்பதும் அந்தக் காலத்து வீட்டு விஞ்ஞானம். ஆகவே அணிக்கு ஒன்றாக மேசை விளிம்பில் சைக்கிள் மணி பூட்டியிருந்தார்கள். எங்களுடையது துருப்பிடித்தது. பெருவிரலால் இரண்டுதரம் இழுத்தால்தான் ஒருதரம் அடிக்கும். ஆண்கள் கல்லூரி அணியின் மணி புதிது. தோல்விக்குக் காரணம் மணிதான் என்று கொஞ்சக் காலம் நாங்கள் சொல்லித் திரிந்தோம்.

அதற்கு முந்திய காலத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடவேண்டும். 1960களில் படித்த அக்காமார் சொல்வதன்படி, எங்கள் கல்லூரியில் உயர்தர விஞ்ஞானத்துக்கு ஒழுங்கான ஆய்வுகூடமே இருக்கவில்லை. செயன்முறைக்கு வெள்ளைச் சீருடையோடு வரிசையாக நடந்து ஆண்கள் கல்லூரிக்குப் போய், அவர்கள் விட்டுப்போன கண்ணாடிக் குழாய்களைக் கழுவித் தங்கள் பரிசோதனையைச் செய்து, மணியடிக்க முன்னர் திரும்பி வருவார்களாம். சொந்த ஆய்வுகூடம் வந்த கதையை இந்த மலரில் வேறொருவர் எழுதுகிறார். நாங்கள் படித்தபோது அந்த ஆய்வுகூடம் இருந்தது, உள்ளே பொருள்தான் இல்லை. அமிலமும் காரமும் கிடைப்பது அரிது. எரிவாயு இல்லை, ஸ்பிரிற் இல்லை. நியமிப்புக்குக் காட்டி இல்லாததால் செவ்வரத்தம் பூவை அவித்த சாற்றை ரீச்சர் போத்தலில் அடைத்து வைத்திருப்பார். தேசிக்காய்ப் புளியில் அது சிவக்கும், சவர்க்காரத் தண்ணீரில் பச்சையாகும். அந்த நிறமாற்றத்தை இன்றைக்கும் எங்களால் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கமுடியும்.

பயிற்சி இரவில். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்ட விளக்கைச் சுற்றி நாலு தலை. கல்லூரி நூலகத்தில் யாரோ ஒரு பழைய மாணவி கொடுத்துவிட்டுப் போன சோவியத் புத்தகங்கள் ஒரு அடுக்கு இருந்தது. அதில் பெரல்மானின் பௌதிகப் புத்தகம் தமிழில் இருந்தது. அட்டை கழன்று, ஊசியால் தைத்தது. நாங்கள் கேள்விகளுக்காக அதைப் படித்தோம். அவர் யாரென்று தேடவில்லை. 1942 இல் லெனின்கிராட் முற்றுகைக்குள் பசியால் இறந்துபோனவர் அவர் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் அறிந்தோம். மண்ணெண்ணெயை அளந்து ஊற்றிக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் படித்த எங்களுக்கு அது தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போமோ தெரியாது. ஒருவேளை இன்னும் கவனமாகப் பக்கத்தைப் புரட்டியிருப்போம்.

இறுதிப் போட்டி 1995 இன் முதல் மாதங்களில் நடந்தது. ஜனவரி 8 இல் தொடங்கிய போர்நிறுத்தம் ஏப்ரல் 19 இல் முறிந்தது. அந்த இடைவெளிக்குள் ஊரில் எல்லாரும் எல்லாவற்றையும் நடத்திவிட முயன்றார்கள். கலியாணம், பரிசளிப்பு, விளையாட்டுப் போட்டி, வினாடிவினா. மண்டபம் நிறைய ஆட்கள். கடைசிச் சுற்றின் கடைசிக் கேள்விக்கு வரும்போது இரண்டு அணிக்கும் ஒரே புள்ளி.

கேள்வி இதுதான்: குவளை ஒன்றிலுள்ள நீரில் பனிக்கட்டி மிதக்கிறது. அது முழுவதும் உருகியபின் நீர்மட்டம் உயருமா, தாழுமா, மாறாதிருக்குமா?

எங்கள் நாலாவது ஆள் மணியை இழுத்தாள். அவள் எப்போதும் ஓரத்தில் இருப்பவள், பேச்சுக் குறைவு. எதையும் இரண்டுதரம் யோசித்துத்தான் வாய் திறப்பாள். அவள் மணியடித்ததே எங்களுக்கு ஆச்சரியம். எழும்பி நின்றாள். நடுவரைப் பார்த்து, "குவளையில இருக்கிறது நல்ல தண்ணியோ உப்புத் தண்ணியோ, சேர்?" என்று கேட்டாள்.

சபை சிரித்தது. நடுவரும் சிரித்துவிட்டு, "கேள்வி கேக்கிறது நான், பிள்ளை. நீர் பதிலைச் சொல்லும்" என்றார். அவள் பேசாமல் நின்றாள். நேரம் முடிந்தது. கேள்வி மற்ற அணிக்குப் போனது. "மாறாது" என்றார்கள். 5 புள்ளி. அந்த 5 புள்ளியால் தோற்றோம்.

நடுவரை இன்றைக்குக் குறை சொல்வதற்கில்லை. பாடப்புத்தகத்தில் நீர் என்றால் நன்னீர்தான், அந்தக் கேள்விக்கு அவர் கையில் இருந்த விடை சரியானதே. மிதக்கும் பொருள் தன் நிறைக்குச் சமமான நீரை இடம்பெயர்க்கும். பனிக்கட்டி உருகி அதே நிறையுள்ள நீராகி, தான் இடம்பெயர்த்த இடத்தை அப்படியே நிரப்பும். மட்டம் மாறாது. ஆனால் குவளையில் இருப்பது உப்பு நீர் என்றால் கணக்கு வேறு. 100 கிராம் பனிக்கட்டியைக் கடல்நீரில் மிதக்கவிட்டால், கடல்நீரின் அடர்த்தி கூட என்பதால், அது ஏறத்தாழ 97.5 மில்லிலீற்றரைத்தான் இடம்பெயர்க்கும். உருகினால் வருவது 100 மில்லிலீற்றர் நன்னீர். மிச்சம் இரண்டரை மில்லிலீற்றருக்கு இடம் வேண்டும், மட்டம் உயரும். கடலில் மிதக்கும் பனி உருகினாலும் கடல்மட்டம் மிகச் சிறிதளவு கூடுவது இதனால்தான்.

இவ்வளவையும் அந்தப் பிள்ளை ஐந்து விநாடிக்குள் யோசித்திருந்தாள். யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி வருவது இயல்புதானே. ஒரு கிணறு நல்ல தண்ணீர், அடுத்த வளவுக் கிணறு உவர். சமையலுக்கு ஒன்று, குளிக்க ஒன்று. எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் எங்கள் ஊரில் ஒரு செம்பு தண்ணீரும் குடிக்கமாட்டோம். பனிக்கட்டியைத்தான் நாங்கள் கண்டு ஐந்து வருடமாகியிருந்தது.

இனி வருவது மூவரைப் பற்றியது. அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் நாங்கள் மூவரும் அவளோடு கதைக்கவில்லை. "மாறாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் காணுமே" என்று எங்களில் ஒருத்தி அவள் காதுபடச் சொன்னாள். மற்ற இருவரும் மறுக்கவில்லை. மறுநாள் கிண்ணத்தோடு படம் எடுத்தபோது அவள் வரவில்லை. சுகமில்லை என்று செய்தி வந்தது. நாங்கள் போய்ப் பார்க்கவுமில்லை. 1995 ஆம் ஆண்டுக் கல்லூரிச் சஞ்சிகையில் இருக்கும் படத்தில் மூவர்தான் நிற்கிறோம். விஞ்ஞான அணி என்று கீழே எழுதியிருக்கிறது.

ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த இரவைப் பற்றி இந்த மலரில் எழுதுபவர்கள் வேறு பலர் இருப்பார்கள். எங்களில் மூன்று குடும்பம் 1996 ஏப்ரலில் திரும்பி வந்தன. அவளுடைய குடும்பம் வன்னிக்குப் போனது. பிறகு ஏழு வருடம் ஒரு கடிதமும் இல்லை.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. சில மாதம் கழித்து ஒரு பின்னேரம், எங்களில் ஒருத்தியின் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். அப்போது நாங்கள் இருவர் மருத்துவ மாணவிகள், ஒருத்தி வங்கியில். அவள் வன்னியில் ஒரு பாடசாலையில் தொண்டர் ஆசிரியை. விஞ்ஞானம் படிப்பித்தாள். தேத்தண்ணீர் குடித்தோம், ஊர்க்கதை கதைத்தோம். வீட்டில் அப்போது மின்சாரமும் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டியும் இருந்தன. யார் முதலில் எழும்பினார்கள் என்பது இப்போது எங்களுக்குள் ஒத்துவரவில்லை. பனிக்கட்டித் தட்டை எடுத்தது வங்கிக்காரிதான்.

இரண்டு கண்ணாடிக் குவளை, அடியில் இரண்டு தட்டு. ஒன்றில் கிணற்று நீர். மற்றதில் இனிமேல் கரையாது என்னும் மட்டும் உப்புப் போட்டுக் கலக்கிய நீர். இரண்டிலும் ஒரேயளவு பனிக்கட்டி. பிறகு விளிம்பு மட்டும், ததும்பி நிற்க, அதே நீரை ஊற்றினோம். உப்பை நாங்கள் மூவரும் கரைத்தோம். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிணற்று நீர்க் குவளையில் பனிக்கட்டி உருகி முடிந்தது. தட்டு காய்ந்தபடி இருந்தது. உப்பு நீர்க் குவளையில் விளிம்பால் வழியத் தொடங்கித் தட்டில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் தண்ணீர் சேர்ந்தது. மன்னிப்பு என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் அதோடு முடியவில்லை. உப்பு நீரில் இருந்த பனிக்கட்டி மிக மெதுவாக உருகியது. உப்புப் பனிக்கட்டியை உருக்கும் என்று படித்த நாங்கள் அதற்கு மறுபக்கத்தை எதிர்பார்த்திருந்தோம். மருத்துவ பீடம் வரை போன இருவருக்கும் காரணம் தெரியவில்லை. அவள் பேனை மையில் ஒரு துளி கேட்டு வாங்கினாள். கிணற்று நீர்க் குவளையில் புதிதாக ஒரு பனிக்கட்டியைப் போட்டு மையை விட்டாள். நிறம் பனிக்கட்டியின் அடியிலிருந்து கீழே இறங்கிக் குவளை முழுதும் சுற்றியது. உப்பு நீரில் விட்டாள். நிறம் மேலேயே ஒரு படையாக நின்றது. உருகி வரும் குளிர்ந்த நன்னீர் பாரம் குறைந்ததால் உப்பு நீருக்குள் இறங்காமல் பனிக்கட்டியைச் சுற்றிப் போர்வையாக நின்றுவிடுகிறது. கீழேயுள்ள சூடு மேலே வருவதில்லை. நல்ல நீரிலோ குளிர்ந்த நீர் இறங்க, இளஞ்சூட்டு நீர் மேலே வந்துகொண்டே இருக்கிறது. இதை அவள் எங்களுக்குச் சொல்லவில்லை. "ஏன் எண்டு பாருங்கோ" என்று சொல்லிவிட்டு இருந்தாள். இருட்டும் வரை நாலு பேரும் அந்த இரண்டு குவளையைச் சுற்றி இருந்தோம். 1995 இல் கிண்ணம் வென்ற அணி அன்றைக்குத்தான் முழுதாகக் கூடியது.

அன்று நாங்கள் செய்ததைப் பிள்ளைகளுக்கான போட்டியாகவே நடத்தும் இடங்கள் உலகில் இருக்கின்றன என்பது பின்னர்தான் தெரிந்தது. 1979 இல் மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தோடு சேர்த்து அந்நகரத்து மாணவருக்காக ஒரு பௌதிகவியல் போட்டி தொடங்கியது. 1988 இல் அது சர்வதேச இளம் பௌதிகவியலாளர் போட்டியாக விரிந்தது. 1994 இல் ஒல்லாந்தின் குரோனிங்கனிலும், பிறகு ஆண்டுக்கொரு நாடாகவும் நடந்துவருகிறது. அணிக்கு ஐவர். 17 பிரச்சினைகள் ஏறத்தாழ ஒரு வருடம் முன்னரே பகிரங்கமாக வெளியிடப்படும். தேன் மெல்லிய நூலாக விழும்போது ஏன் சுருள்கிறது என்பது போன்றவை. புத்தகத்தில் விடை இல்லாதவை. வருடம் முழுவதும் பிள்ளைகள் தங்கள் ஆய்வுகூடத்தில், அடுப்படியில், கராஜில் பரிசோதனை செய்கிறார்கள். ஒரே பிள்ளை எல்லா வேடமும் கட்டமுடியாதபடி விதியும் உண்டு.

போட்டியன்று நடப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் பௌதிகச் சண்டை. ஓர் அணி தன் ஆய்வை 12 நிமிடத்தில் சமர்ப்பிக்கும். இரண்டாவது அணியின் பிள்ளை எதிர்வாதி. சமர்ப்பித்ததில் எது பலவீனம், எந்த எடுகோள் சொல்லப்படவில்லை, எதை அளக்க மறந்தார்கள் என்று கேட்பது அவள் வேலை. மூன்றாவது அணியின் பிள்ளை இருவரையும் மதிப்பிடுகிறாள். நீண்டகாலமாக இருந்துவந்த விதிப்படி, சமர்ப்பிப்பவரின் புள்ளியை 3 ஆலும், எதிர்வாதியின் புள்ளியை 2 ஆலும், மதிப்பிடுபவரின் புள்ளியை 1 ஆலும் பெருக்குவார்கள். அதாவது, எந்தத் தண்ணீர் என்று கேட்பதற்கென்றே அங்கே ஓர் ஆசனமும் அதற்குப் புள்ளியும் இருக்கின்றன. இதை முதன்முதல் வாசித்தபோது எங்களில் ஒருத்தி நடுச்சாமத்தில் மற்ற மூவருக்கும் தொலைபேசி எடுத்துவிட்டாள்.

அமெரிக்காவில் 1984 இல் உருவான சயன்ஸ் ஒலிம்பியாட் வேறு வகை. முதல் தேசியப் போட்டி 1985 இல் மிச்சிகனில் நடந்தது. பாடசாலைக்குப் பதினைந்து பேர், இருபத்துமூன்று நிகழ்ச்சிகள். இரண்டு மூன்று பேராகப் பிரிந்து செய்வார்கள். அவற்றில் ஒன்று எங்களுக்கு மிகவும் பிடித்தது. குச்சிகளும் குவளைகளும் கொண்டு கட்டிய ஒரு பொருளை ஒருத்தி பார்த்து, படம் போடாமல், சொற்களால் மட்டும் எழுதவேண்டும். அடுத்த அறையிலிருக்கும் தோழி, அதைக் காணாமலே, அந்த எழுத்தை மட்டும் வைத்து அதே பொருளைக் கட்டவேண்டும். விடுதியில் இரவு கடமை முடித்துப் போகும் வைத்தியர் அடுத்தவருக்கு எழுதி வைக்கும் குறிப்பைப் பார்த்தவர்களுக்கு இந்தப் போட்டியின் அருமை விளங்கும். இன்னொரு நிகழ்ச்சியில் பிள்ளைகள் ஒரு கற்பனை ஊரில் பரவும் நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் அதற்குத் துணைநிற்கிறது. டெங்குக் காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்கும் இது வேண்டியதுதான்.

விடுதியை இழுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். டெங்கு நோயாளிக்கு எந்தத் திரவம், மணிக்கு எவ்வளவு என்பதுதான் பல வேளை உயிரைத் தீர்மானிப்பது. 0.9 சதவீத உப்பு நீருக்கும் 5 சதவீத குளுக்கோசுக்கும் வித்தியாசம் தெரியாமல் 'சேலைன் ஏத்துங்கோ' என்றால் நாங்கள் பதறுகிறோம். பயிற்சி வைத்தியர்களில் விரைவாகப் பதில் சொல்பவர்கள் உண்டு. ஒரு கணம் நின்று எதை என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டாவது வகையினர் கடமையில் இருக்கும் இரவில்தான் எங்களுக்கு நல்ல நித்திரை.

2004 இல் ஜகார்த்தாவில் தொடங்கிய சர்வதேச கனிஷ்ட விஞ்ஞான ஒலிம்பியாட்டையும் சேர்க்கவேண்டும். பதினைந்து வயதுக்கு மேற்படாத பிள்ளைகள், நாட்டுக்கு அறுவர். இரண்டு வினாத்தாளைத் தனித்தனியே எழுதுவார்கள். மூன்றாவதான செயன்முறையை மூன்று மூன்று பேராகச் சேர்ந்து செய்வார்கள். இலங்கைப் பிள்ளைகளும் போகிறார்கள். எங்கள் கல்லூரியிலிருந்து இன்னும் ஒருவரும் போகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். நூற்றாண்டு விழாவை முன்னிட்டு லண்டன், ரொறன்ரோ, சிட்னிக் கிளைகள் சேர்ந்து, கல்லூரி மண்டபத்துக்கு இலத்திரனியல் வினாடிவினாத் தொகுதி ஒன்றை வாங்கித்தரப் பணம் சேர்த்திருக்கின்றன. ஒளிரும் பொத்தான்கள், புள்ளிப் பலகை, நேரங்காட்டி. நல்ல மனதோடு சேர்த்த பணம். துருப்பிடித்த சைக்கிள் மணியை இரண்டுதரம் இழுத்த எங்களுக்கு அதன் அருமை தெரியும். கிளைகளில் இருப்பவர்களில் பலர் எங்கள் வகுப்புத் தோழிகள், சிலர் எங்களோடு கோபிக்கவும் கூடும். என்றாலும் சொல்கிறோம்: அந்தத் தொகுதியைச் சிறியதாக வாங்கி, மிச்சப் பணத்தை ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கவேண்டும். தராசு, வெப்பமானி, அளவிகள், ஒரு நல்ல கமரா, ஒரு குளிர்சாதனப் பெட்டி. இன்றைக்கும் செயன்முறை வகுப்பில் எட்டுப் பிள்ளைக்கு ஒரு மேசை. ஒருத்தி செய்ய எழுவர் பார்க்கிறார்கள்.

வினாடிவினா வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் மூவரும் அதில் வளர்ந்தவர்கள். சபையில் எழும்பி நின்று பேசும் துணிவு அதில் வந்தது, பௌதிகச் சொற்கள் நாவில் ஏறியது அதில். ஆனால் ஐந்து விநாடிக்குள் அகப்படும் பிள்ளைகளை மட்டுமே ஒரு கல்லூரி கண்டுபிடித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் ஓரத்தில் இருந்துவிடுவார்கள். ஓரத்தில் இருந்தவளை நாங்கள் ஒருமுறை அப்படி விட்டோம்.

பௌதிகச் சண்டை சர்வதேச மட்டத்தில் ஆங்கிலத்தில் நடப்பது, எங்கள் பிள்ளைகளுக்குச் சரிவராது என்று ஒரு கருத்து பழைய மாணவிகள் கூட்டத்தில் வந்தது. முதற்பாதி உண்மை. ஆனால் அந்த வடிவத்தைத் தமிழில் நடத்த யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. 19 ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து வைத்தியர் கிறீன் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்துப் புத்தகமும் போட்ட மண் இது. மேலுதைப்பு, அடர்த்தி, பரப்பிழுவிசை என்று பிள்ளைகள் வாயில் சொற்கள் தயாராக இருக்கின்றன. சண்டை பிடிக்கும் குணமும் எங்களுக்குக் குறைவில்லை.

அதிபர் சம்மதித்துவிட்டார். நூற்றாண்டு வாரத்தின் விஞ்ஞான தினத்தில் 9, 10, 11 ஆம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு சிறிய பரீட்சார்த்தப் போட்டி. அணிக்கு நால்வர், ஐந்து பிரச்சினைகள், மூன்று மாதம் முன்னரே வகுப்பறைக் கதவில் ஒட்டப்படும். நான்கு பிரச்சினைகளை உயர்தர ஆசிரியைகள் எழுதுகிறார்கள். ஐந்தாவது: நன்னீரிலும் உப்பு நீரிலும் மிதக்கும் பனிக்கட்டி உருகுவதை ஆராய்க. நடுவர்களில் ஒருவர் கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து வருகிறார். இப்போது நிரந்தர நியமனம் பெற்ற விஞ்ஞான ஆசிரியை. இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டியபோது, தன் பெயரைப் போடவேண்டாம் என்றும், 97.5 என்பதைக் கடல்நீரின் அடர்த்தி 1.025 என்று எடுத்தால் 97.6 என்று திருத்தச் சொல்லியும் கேட்டுக்கொண்டார். பெயர் போடவில்லை. இலக்கத்தை இங்கே திருத்திவிட்டோம்.

பங்குபற்ற விரும்பும் பிள்ளைகள் தங்கள் அணியின் பெயரை விஞ்ஞானக் கழகச் செயலாளரிடம் கொடுக்கலாம். பனிக்கட்டிக்கு மனையியல் அறைக் குளிர்சாதனப் பெட்டியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உப்பு நாங்கள் கொண்டுவருகிறோம்.